ஈர நெல்லும் உத்தரவாத விலையும்: கிட்டங்கிக்கு அப்பால் வேளாண்மை செய்யும் ஒரு குடும்பத்தின் மாரிகாலம்

பெப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஒரு காலை கல்முனைக்குடியிலுள்ள அந்த வீட்டுக்குப் போனேன். காக்கா வீட்டில் இல்லை. ராத்தா வாசலில் அடுக்கியிருந்த நெல் மூடைகளில் ஒன்றை அவிழ்த்து, நாலு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார்.

"இன்னும் ஈரம்தான் தம்பி. பின்னேரம் வியாபாரி வாறாரு. குடுக்கிறதா, வெச்சிரிக்கிறதா எண்டு ராவெல்லாம் ரெண்டு பேரும் கதைச்சம். ஒரு முடிவும் இல்ல" என்றார்.

இந்தக் குடும்பத்தை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். நான் கிட்டங்கிக்கு மேற்கே, நாவிதன்வெளிப் பக்கத்தைச் சேர்ந்தவன். காக்காவின் வாப்பாவுடைய வயலில் என் அப்பா முல்லைக்காரராக இருந்தார். தைப்பொங்கலுக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பெருநாளுக்கு நாங்கள் அங்கே போவோம். 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கிய பிறகு அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. அந்த ஆண்டு இரு பக்கத்திலும் நடந்த கொலைகளை இந்த மாவட்டத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வயல்கள் பல வருடம் தரிசாகக் கிடந்தன. 2002 யுத்த நிறுத்தத்துக்குப் பிறகுதான் காக்கா மறுபடி எங்கள் பக்கம் வந்து, வரம்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாதபடி காடாகிக் கிடந்த நிலத்தைத் துப்புரவாக்கினார். அப்பா உயிரோடு இருந்தார். எல்லைக் கல் எங்கே என்று காட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

இந்த மாரிகாலத்தில் சில நாட்கள் அவர்களுடன் இருந்து பார்த்தேன். பெரும்போகம் என்பது செய்திகளில் ஒரு விலையாகவும் ஒரு நட்டஈட்டுத் தொகையாகவும் மட்டுமே வருகிறது. அந்த எண்கள் ஒரு வீட்டுக்குள் வந்து சேரும்போது என்னவாகின்றன என்பதை எழுதவேண்டும் என்று தோன்றியது.

விதைப்பு

வேறு நாடுகளில் குளிர்காலம் வந்தால் நிலம் ஓய்வெடுக்கும். எங்களுக்குக் குளிர்காலம் என்றால் மாரி. ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் வாடைக்காற்றும் மழையும். கடலுக்குப் போகிறவர்கள் தோணிகளைக் கரையேற்றிவிடுவார்கள். வேளாண்மை செய்கிறவர்களுக்கு வருடத்தின் பெரிய வேலை அப்போதுதான் தொடங்கும்.

அவர்களுக்கு இருப்பது இரண்டரை ஏக்கர். ராத்தாவுக்குச் சீதனமாக வந்த நிலம். உறுதி அவருடைய பெயரில் இருக்கிறது. ஆனால் விவசாயியாகப் பதிவாகியிருப்பவர் காக்கா. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்குப் போகிறவர் அவர், மானியம் வருவது அவருடைய கணக்குக்கு. கிழக்கில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வீடும் காணியும் பெண் வழியாக வருவது பழைய வழமை. அந்த வழமை காணிப் பதிவிலே இருக்கிறது, விவசாயிகள் பட்டியலில் இல்லை.

ராத்தா வயலுக்குப் போவது குறைவு. ஆனால் வீட்டில் நடக்கிற வேளாண்மை முழுவதும் அவருடையது. ஒக்டோபர் கடைசியில் விதைநெல்லை ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, சூடு ஏறாமல் புரட்டி, முளை சரியான அளவுக்கு வந்ததும் "இண்டைக்கு எறியலாம்" என்று சொல்கிறவர் அவர். முளை ஒரு நாள் பிந்தினால் வேர் ஒன்றோடொன்று பின்னிவிடும், வீசும்போது ஒடியும். பசளைக் கடன், உழவுக் கூலி, அடகுச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பழைய பாடசாலைக் கொப்பியில் எழுதி வைத்திருப்பவரும் அவர்தான். நான் இந்தக் கட்டுரையில் தருகிற கணக்கு அந்தக் கொப்பியிலிருந்து எடுத்தது.

காக்கா சுபஹ் தொழுகை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் புறப்படுவார். நற்பிட்டிமுனை, கிட்டங்கி, சவளக்கடை என்று போகும் பாதை. வயலில் முதல் வேலை வக்கடைகளைப் பார்ப்பது. இரவு மழை பெய்திருந்தால் வெட்டிவிட வேண்டும், வெயில் எறித்தால் கட்டவேண்டும். விதைத்த முதல் இரண்டு வாரம் அந்த மண்வெட்டி கையைவிட்டுப் போகாது. மழை நாளில் ராத்தா வீட்டுக்குள் பன்பாய் இழைப்பார். ஒரு பாய் முடிய நாலைந்து நாள் ஆகும். பிளாஸ்ரிக் பாய் வந்த பிறகு அதற்கு விலை இல்லை. "கை சும்மா இரிந்தா மனசு கெட்டதெல்லாம் நினைக்கும்" என்று சொல்லிக்கொண்டே இழைக்கிறார்.

நவம்பர் வெள்ளம்

2024 நவம்பர் கடைசி வாரம் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அந்த நாட்களில் கிட்டங்கியும் நீரில் மூழ்கியிருந்தது. கல்முனையிலிருந்து மேற்கே போகிற இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் அறுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் பிள்ளைகளின் மரணம் சாட்சி.

உயர்தரப் பரீட்சையும் அந்த வாரம்தான். 25ஆம் திகதி தொடங்கிய பரீட்சை இடைநிறுத்தப்பட்டு, டிசம்பர் 4ஆம் திகதி மறுபடி ஆரம்பமானது. இவர்களுடைய மகள் பரீட்சைக்குத் தோற்றியிருந்தாள். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததால் புத்தகங்களை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தார்கள். ராத்தா மகளோடு அயலிலுள்ள மாடி வீட்டுக்குப் போனார். வயல் என்ன ஆனது என்று காக்காவால் ஆறு நாள் போய்ப் பார்க்க முடியவில்லை. வெள்ளம் வடிந்து போனபோது இரண்டரை ஏக்கரில் ஒரு ஏக்கர் அளவு பயிர் அழுகிக் கிடந்தது. மறுபடி விதைநெல் வாங்கி, முளை கட்டி, அந்த ஒரு ஏக்கரை விதைத்தார்கள். அது பிந்திய பயிர். முதலாவது விதைப்போடு சேர்ந்து விளையவில்லை.

இந்த வெள்ளத்தை மழையின் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவாக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டது. சேனாநாயக்க சமுத்திரம் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களில் ஒன்று. அதன் வாய்க்கால்களில் மேலே இருப்பவை பெரும்பாலும் குடியேற்றக் கிராமங்கள். கீழே, கடலுக்கு அண்மையில் இருப்பவை எங்களுடைய பழைய தமிழ், முஸ்லிம் வயல்கள். சிறுபோகத்தில் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் இது. மாரியில் மேலே நிரம்பி வழியும் தண்ணீரும், வயல்களில் வடியும் தண்ணீரும் கடலுக்குப் போக இதே இடத்தைத்தான் கடக்க வேண்டும்.

அந்தத் தண்ணீர் போகிற வழி வருடாவருடம் ஒடுங்குகிறது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் சனத்தொகை நெருக்கம் மிக அதிகம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்ட மக்களில் 43 வீதத்தினர் முஸ்லிம்கள். அவர்களில் பெரும்பாலானோர் கரையோரத்தில் ஒரு ஒடுங்கிய நிலத்துண்டில் வாழ்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தை விட்டு உள்ளே வர வேண்டியிருந்தது. உள்ளே இருந்தது வயல். கரைவாகு வட்டையில் மண் போட்டு நிரப்பி வீடு கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு வேறு காணி இல்லை. ஆனால் நிரப்பப்பட்ட ஒவ்வொரு துண்டும் வெள்ளம் தங்கி வடிகிற ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறது. காணிப் பிரச்சினையும் வெள்ளப் பிரச்சினையும் இங்கே ஒன்றுதான். ஒன்றைப் பேசாமல் மற்றதைத் தீர்க்க முடியாது.

இரவுக் காவல்

டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து இரவிலும் வயல். கதிர் பால் பிடிக்கும் காலத்தில் யானை வரும். மஃரிப் தொழுதுவிட்டு, ஒரு டோர்ச் லைற், யானை வெடி, பிளாஸ்கில் தேநீர், ராத்தா கட்டித் தந்த சோற்றுப் பார்சலோடு காக்கா வாடிக்குப் போவார். பக்கத்து வயல்காரர்கள் நாலைந்து பேர் முறை வைத்து விழித்திருப்பார்கள். அவர்களில் இரண்டு பேர் எங்கள் ஊர்த் தமிழர்கள். யானை வந்துவிட்டால் முதலில் கண்டவர் கூப்பிடுவார், மற்றவர்கள் வெடி கொளுத்துவார்கள். இந்தக் காவலுக்குச் சங்கம் இல்லை, கூட்ட அறிக்கை இல்லை. இரு சமூகத்து ஆட்களும் ஒருவரை ஒருவர் நம்பி உயிரை வைத்திருக்கிற இடம் அது.

"சண்டைக் காலத்தில ராவையில வயலில நிக்கேலாது. இப்ப நிக்காம ஏலாது" என்றார் காக்கா.

யானைகள் கரையோரம் வரை வருவது எங்கள் அப்பா காலத்தில் கேள்விப்படாதது. இப்போது அறுவடை முடிந்த கையோடு சம்மாந்துறை, மாவடிப்பள்ளி, கிட்டங்கி வயல்களில் கூட்டமாக நிற்கின்றன. காடு குறைந்ததும், வழித்தடங்கள் அடைபட்டதும் ஒரு காரணம். குப்பை இன்னொரு காரணம். ஒலுவில் அஷ்ரப் நகரை அடுத்த பள்ளக்காட்டில் கரையோர ஊர்களின் குப்பை கொட்டப்படுகிறது. அங்கே பிளாஸ்ரிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. குப்பையைத் தேடி ஊர்ப்பக்கம் வரப் பழகிய யானைக்கு விளைந்த நெல் இன்னும் நல்ல சாப்பாடு. 2023இல் நாடு முழுவதும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள்.

காக்கா வாடியில் நிற்கும் இரவுகளில் ராத்தா தூங்குவதில்லை. கடல் இரைச்சல் மாரியில் பெரிதாகக் கேட்கும். சுனாமியில் தன் உம்மாவை இழந்தவர் அவர். டிசம்பர் 26ஆம் திகதி மட்டும் காக்கா வயலுக்குப் போகமாட்டார், என்ன அவசரம் இருந்தாலும். இந்த முறையும் போகவில்லை.

கொப்பியில் இருக்கிற கணக்கு

ஜனவரி நடுவில் மறுபடி மழை. விளைந்து நின்ற பயிர் சரிந்தது. வெட்டு மெசின் சேற்றில் இறங்க முடியாமல் பத்து நாள் பிந்தியது. கடைசியில் வெட்டியபோது ஏக்கருக்குச் சராசரியாக 1,300 கிலோ வந்தது. நல்ல வருடத்தில் இதே நிலத்தில் 2,000 கிலோ எடுத்திருக்கிறார்கள். இரண்டரை ஏக்கருக்கும் மொத்தம் 3,250 கிலோ.

செலவு, உழவு முதல் வெட்டு வரை, மறு விதைப்பையும் சேர்த்து, பசளை மானியத்தைக் கழித்த பிறகு 2 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா. 2024/25 பெரும்போகத்துக்கு அரசாங்கம் பசளை மானியத்தை ஹெக்டேயருக்கு 15,000இலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தியது. இரண்டரை ஏக்கர் ஏறத்தாழ ஒரு ஹெக்டேயர். அந்த 25,000 அவர்களுக்குக் கிடைத்தது. அது உதவிதான், மறுக்கவில்லை.

2025 பெப்ரவரி 5ஆம் திகதி நெல்லுக்கான உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டது. நாட்டரிசி நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. அம்பாறையில் பல இடங்களில் அறுவடை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. விலை போதுமா போதாதா என்று நிறையப் பேர் பேசினார்கள். இந்த வாசலில் நின்று பார்த்தபோது எனக்கு வேறொரு கேள்வி பெரிதாகத் தெரிந்தது: அந்த விலை யாருக்குக் கிடைக்கும்?

நெல் சந்தைப்படுத்தும் சபை அந்த விலைக்கு வாங்குவது 14 வீத ஈரப்பதனுக்கு மேற்படாத நெல்லை. முன்பு கையால் வெட்டி, உப்பட்டி காயப்போட்டு, சூடு வைத்து மிதித்த காலத்தில் நெல் களவெட்டியிலேயே பாதி காய்ந்துவிடும். இப்போது மெசின் வெட்டும்போதே மூடையில் விழுகிறது. பின்னேரம் வந்த வியாபாரியின் கருவி 20 வீதம் காட்டியது. அவர் சொன்ன விலை கிலோ 100 ரூபா.

ஈரமாகவே கொடுத்தால் 3,250 கிலோவுக்கு 3 இலட்சத்து 25 ஆயிரம். செலவு போக மிச்சம் 50,000. விதைப்பிலிருந்து ஐந்து மாத உழைப்பு என்று வைத்துக்கொண்டால் மாதம் 10,000 ரூபா, இரண்டு பேருக்கு.

காயவைத்துக் கொடுத்தால்? 20 வீத ஈரம் 14க்கு இறங்கும்போது நிறையும் குறையும். 3,250 கிலோ சுமார் 3,020 கிலோவாகும். 120 ரூபா விலைக்கு அது 3 இலட்சத்து 62 ஆயிரம். மிச்சம் 87,000. அதாவது இந்த வீட்டுக்கு ஒரு போகத்தின் வருமானம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது மூன்று தொன் நெல்லை மூன்று நான்கு நாள் காயவைக்க ஒரு இடம் இருக்கிறதா என்பதுதான்.

இடம் இல்லை. கல்முனைக்குடியில் வீடும் வீடும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. வீதி ஓரத்தில் படங்கு விரித்துக் காயப்போடுகிறவர்கள் உண்டு. அதற்கும் முந்திக்கொண்டு இடம் பிடிக்க வேண்டும். இந்த மாதத்தில் வானம் எப்போது கறுக்கும் என்று தெரியாது. ஒரு மழை நனைத்தால் நெல் முளைத்துவிடும், 100 ரூபாவும் இல்லை. காயவைத்த பின் வாடகைக்கு வாகனம் பிடித்துக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோய், வரிசையில் நின்று, ஏற்றுக்கொள்வார்களா என்று காத்திருக்க வேண்டும். வியாபாரி வீட்டு வாசலுக்கு வந்து, காசைக் கையில் தருகிறார். அவரைத் திட்டுவது இலகு. காயவைக்கும் செலவையும் நனையும் ஆபத்தையும் அவர் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார் என்பதும் உண்மை.

காத்திருக்க முடியாததற்கு இன்னொரு காரணம் கடன். அது 2021இலிருந்து வருகிறது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது இங்கே விதைப்பு முடிந்திருந்தது. அந்தப் பெரும்போகத்தில் விழுந்த பள்ளத்தை நிரப்ப ராத்தாவின் நகை அடகுக்குப் போனது. பிறகு ஒவ்வொரு போகமும் பசளையும் எண்ணெயும் கடைக் கடன். வெட்டின வாரம் கடைக்காரர் கேட்பார். கொடுத்தால்தான் சிறுபோகத்துக்கு மறுபடி தருவார்.

வெள்ள அழிவுக்கு அரசாங்கம் ஹெக்டேயருக்கு ஒரு இலட்சம் ரூபா வரை, ஏக்கருக்கு 40,000 வரை நட்டஈடு அறிவித்தது. இவர்கள் ஒரு ஏக்கர் அழிவைப் பதிவு செய்தார்கள். பார்க்க வந்தவர்கள் வந்தபோது மறு விதைப்பு பச்சையாக நின்றது. "பயிர் நிக்குதுதானே" என்றார்களாம். அந்தப் பச்சையை உண்டாக்கக் கடன் வாங்கிய கதை படிவத்தில் எழுத இடமில்லை. நான் போன நாள்வரை காசு வரவில்லை.

இரு கரைகள்

யுத்தத்தை வாழ்ந்து கடந்த எங்களுக்கு "பிரச்சினை" என்றால் உடனே நினைவுக்கு வருவது எல்லைகள். கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் பற்றிய தகராறு இன்னும் தீரவில்லை. 2019 ஜூனில் உண்ணாவிரதம் வரை போனது. தமிழர்களுக்குத் தங்கள் நிர்வாகம் தங்கள் கையில் வேண்டும் என்ற நியாயமான ஆசை இருக்கிறது. முஸ்லிம்களுக்கு இருக்கிற கொஞ்ச நிலமும் போய்விடுமோ என்ற நியாயமான பயம் இருக்கிறது. இரண்டையும் நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அந்தத் தகராறுக்குக் கிடைக்கிற மேடையில் பத்தில் ஒரு பங்கு கிட்டங்கிப் பாலத்துக்குக் கிடைத்திருந்தால் நல்லது. அந்தத் தாம்போதியில் தண்ணீர் ஏறும்போது மேற்கே நிற்கிற தமிழ்த் தாய் கல்முனை ஆஸ்பத்திரிக்கு வர முடியாது, கிழக்கே நிற்கிற முஸ்லிம் விவசாயி வயலுக்குப் போக முடியாது. பாலம் வேண்டும் என்ற கோரிக்கை பல வருடமாகக் கேட்கிறது. இரு கரையும் சேர்ந்து கேட்டது குறைவு.

கேட்க வேண்டியவை பெரிய விடயங்கள் அல்ல. ஒன்று, உயரமான பாலம். இரண்டு, வட்டைகளுக்கு அருகே பொதுவான நெல் உலரவிடும் தளம், ஒரு ஈரமானி, சிறு களஞ்சியம்: உத்தரவாத விலை அறிவிப்பாக மட்டும் நிற்காமல் வாசலுக்கு வர இதுதான் வழி. மூன்று, வெள்ளத்துக்குப் பின் மறு விதைப்புச் செய்தவரின் செலவும் அழிவாகக் கணக்கெடுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் வயலைக் கைவிட்டவருக்குக் காசு, காப்பாற்றியவருக்கு ஒன்றுமில்லை என்றாகிவிடும். நான்கு, நிலம் யாருடையதோ, கணக்கு யார் எழுதுகிறாரோ, அந்தப் பெண்ணின் பெயரும் விவசாயிகள் பட்டியலில் வர வேண்டும். கூட்டத்தில் ராத்தா இருந்திருந்தால் உலர்தளம் பற்றிய கேள்வி முதலாவதாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நெல்லைக் கடித்துப் பார்க்கிறவர் அவர்.

அன்று பின்னேரம் நெல்லைக் கொடுத்துவிட்டார்கள், கிலோ 100 ரூபாவுக்கு. வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் சில மூடைகளை ராத்தா ஒதுக்கி வைத்தார். நான் மேலே எழுதிய கணக்கில் அவற்றின் பெறுமதியும் இருக்கிறது. வியாபாரி எண்ணித் தந்த காசைக் காக்கா அப்படியே ராத்தாவிடம் நீட்டினார். அவர் கொப்பியைத் திறந்து, கடைக்கு எவ்வளவு, மெசினுக்கு எவ்வளவு என்று பிரித்து, ஒவ்வொன்றையும் றப்பர் பட்டி போட்டு வைத்தார். நகைச் சீட்டு இந்தப் போகமும் அப்படியே கிடக்கும்.

மார்ச் தொடக்கத்தில் நோன்பு. அதற்குள் வேலை ஒதுங்கியதே பெரிய காரியம் என்றார் காக்கா. நோன்பு முடியச் சிறுபோக வேலை தொடங்கும். தண்ணீர் இந்த முறை எப்போது வருமோ தெரியாது.

நான் புறப்படும்போது ராத்தா ஒரு பையில் அரிசி கட்டித் தந்தார், போன வருட நெல்லில் அவித்துக் குத்தியது. "உம்மாக்கிட்டக் குடுங்க தம்பி. பொங்கலுக்கு வரக் கிடைக்கல்ல, ரோட்டெல்லாம் தண்ணி எண்டு சொல்லுங்க" என்றார்.

அம்மாவிடம் கொடுத்தேன். அவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "நல்லாக் காஞ்ச நெல்" என்றார்.